டீஎக்ஸ் வாகனுக்கு 2சீ டர்போ: எத்தினை பார் தாங்கும்?

பெப்ரவரி 4 · சுன்னாகம் டீஎக்ஸ்

1982 கொறோலா டீஎக்ஸ் வாகன். உள்ளுக்கு இப்ப ரவுண்ஏஸ் வானில இருந்து எடுத்த 2சீ எண்ட ரொயோட்டா டீசல் எஞ்சின், டர்போ இல்லாதது. தனிய ஓடேக்க குறை சொல்ல ஏலாது. ஆக்களும் சாமானும் ஏத்தினால் யாழ்–கண்டி ஏ9 றோட்டில லொறியை முந்திறது பெரும் பாடு. கொழும்பு பஞ்சிகாவத்தைப் பழைய பாகக் கடையில சின்ன டர்போ (எக்ஸோஸ்ற் வாயுவால சுத்தி எஞ்சினுக்குக் காற்றை அமுக்கிறது) ஒண்டு கேட்டு வைச்சிருக்கு. என்ர கணக்கு இதுதான்: டர்போவைப் பூட்டி 1.2 பார் அழுத்தம் அடிச்சு, பம்பின்ர டீசல் ஸ்குறூவைத் திருகி விட்டால் 120 குதிரைவலு வரும். வெளிநாட்டுக்காரர் வீடியோவில 1.5 பார் கூட அடிக்கினம். என்னென்ன வாங்க வேணும், எதில தொடங்க வேணும்?

பெப்ரவரி 4 · பழைய ஏ40

ஏ9இல காருக்கு வேக எல்லை 70. 120 குதிரையில மிச்சம் இருக்கிறதை எங்கை கட்டி வைக்கப் போறீர் தம்பி?

பெப்ரவரி 4 · பம்ப் பெஞ்ச்

120 வராது. ஏன் எண்டு கணக்குப் போட்டே பாப்பம்.

2சீ 1974 சி.சி. இரண்டு சுற்றுக்கு ஒருக்கா அவ்வளவு காற்றை இழுக்கும். 4000 சுற்றில நிமிசத்துக்கு 3950 லீற்றர். நிரம்பல் 85 வீதம் எண்டு பிடிச்சால் 3350. எங்கட 32 பாகைச் சூட்டில ஒரு கன மீற்றர் காற்று 1.16 கிலோ நிறை, ஆகவே மணிக்கு 233 கிலோ காற்று. 20 கிலோ காற்றுக்கு ஒரு கிலோ டீசல் எண்டு விட்டால் புகை பெரிசா இல்லாமல் எரியும், அதைத் தாண்டினால் கரிதான். அப்ப மணிக்கு 11.6 கிலோ டீசல். முன்னறை (டீசல் முதலில எரியத் தொடங்கிற சின்ன அறை) உள்ள இந்த வகை எஞ்சின் ஒரு கிலோவாட் மணிக்கு 280 கிராம் அளவில தின்னும். வாறது 41, 42 கிலோவாட். குதிரைவலுவில 57. கொம்பனி புத்தகத்தில இதைவிடக் கூடவா இருக்கும், அது குளிர் காற்றும் இன்னும் கூடின சுற்றும்.

இப்ப 0.7 பார் டர்போ. காற்றை அமுக்கினால் சூடாகும். நல்ல நிலையில உள்ள சின்னக் கொம்பிரசர் (டர்போவில காற்றை அமுக்கிற பக்கம்) 65 வீதத் திறனில வேலை செய்தாலும் 32 பாகையில போற காற்று 109 பாகையாக வெளிய வரும். சூடான காற்று ஐதாகிப் போறதால அழுத்தம் 1.7 மடங்கு ஏறியும் காற்றின்ர நிறை 1.36 மடங்குதான் ஏறும். 77 குதிரைவலு. இன்ரர்கூலர் (அமுக்கின காற்றை ஆற்றிறது) போட்டு 59 பாகைக்குக் கொண்டு வந்தால், அதுக்குள்ள 0.05 பார் இழப்புப் போக, 1.52 மடங்கு, 86 குதிரைவலு.

1.2 பாருக்கு அதே கணக்கைப் போட்டால் கொம்பிரசர் வாயில 151 பாகை. இன்ரர்கூலரோடயும் 107தான் வரும். அந்த 21 குதிரைக்காக எஞ்சின் படுற பாட்டை லேத் பக்கம் ஆக்கள் சொல்லட்டும்.

இன்னொண்டு. 1978இல வந்த மெர்சிடிஸ் 300 எஸ்டி, காரில முதல் வந்த டர்போ டீசல். 3 லீற்றர் எஞ்சினில 115 குதிரைவலுதான் எடுத்தவங்கள். அதுக்கே பிஸ்ரனுக்கு அடியில ஒயில் பீச்சிற குழாய், சோடியம் நிரப்பின எக்ஸோஸ்ற் வால்வு, கிறாங்குக்கு வேற பதப்படுத்தல் எல்லாம் செய்தவங்கள். நீங்கள் 2 லீற்றரில 120 கேக்கிறியள்.

பெப்ரவரி 5 · லேத் பக்கம்

2சீயின்ர புளொக் வார்ப்பிரும்பு, அதுக்கு ஒண்டும் நடக்காது. அதுக்கு மேல மூடுற ஹெட் அலுமினியம். அதுக்குள்ள ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரு முன்னறை, அதின்ர வாயில இரும்புக் கிண்ணம் மாதிரி ஹொட் பிளக் இறுக்கி வைச்சிருக்கும். எரிஞ்ச வாயு அந்தச் சின்ன வாயாலதான் பீறிட்டு வருது. கிண்ணத்துக்கும் வால்வு சீற்றுக்கும் இடையில உள்ள ஒடுக்கமான அலுமினியம்தான் எல்லாச் சூட்டையும் வாங்கும். வெடிப்பு அந்த இடத்திலதான் தொடங்கும். முதல் அடையாளம் ரேடியேற்றர் மூடிக்குள்ள நுரை, பிறகு காலமையில தண்ணி குறைஞ்சிருக்கும், பிறகு மேல் ஹோஸ் குளிர் எஞ்சினிலேயே கல்லு மாதிரி இறுகும்.

ஆகவே டர்போ வாங்க முன்னம் ஹெட்டைக் கழட்டி, வெந்நீரில 4, 5 பார் அழுத்தம் குடுத்துப் பாருங்கோ. பச்சைத் தண்ணியில பாத்தால் சூட்டில விரியிற வெடிப்புத் தெரியாது. பேஸ் அடிக்க (ஹெட்டின்ர அடிமுகத்தைச் சீவி மட்டமாக்க) வேண்டி வந்தால் சும்மா சீவிப்போட்டுக் குடுக்கிற இடத்தில குடுக்காதேங்கோ. சீவின அளவுக்கு வால்வு கீழ இறங்கும், ஹொட் பிளக்கும் வெளிய தள்ளும். வால்வு ஆழத்தைத் திருப்பி எடுக்க வேணும், பிளக்குக்கு அடியில சிம் (மெல்லிய தகட்டு வளையம்) சரிபாக்க வேணும். கஸ்கெற் தடிப்பு ஒண்டல்ல. பிஸ்ரன் புளொக் மட்டத்துக்கு மேல எவ்வளவு வருதெண்டு டயல் கேஜ் வைச்சு நாலிலயும் அளந்து, கூடினதுக்கு ஏற்ற அடையாளம் உள்ள கஸ்கெற்றை எடுக்க வேணும். கடைக்காரர் குடுக்கிறதை வாங்கினால் ஒண்டில் வால்வு தட்டும், இல்லாட்டில் கொம்பிறசன் போகும்.

கொம்பிறசனையும் பாருங்கோ. சூடான எஞ்சினில 25 பாருக்குக் கீழ இருந்தாலோ சிலிண்டருக்குச் சிலிண்டர் 5 பார் வித்தியாசம் இருந்தாலோ அந்த எஞ்சினுக்கு டர்போ வேண்டாம். முதல் ரிங்கையும் போரையும் பாருங்கோ.

பெப்ரவரி 5 · சுன்னாகம் டீஎக்ஸ்

அப்ப 2சீ-ரீ (கொம்பனியே டர்போ பூட்டின 2சீ) எஞ்சினை முழுசா வாங்கிறது நல்லமோ? எல்லாரும் 2சீ-ரீ ஹெட் வெடிக்கும் எண்டு பயப்படுத்தினம்.

பெப்ரவரி 6 · லேத் பக்கம்

வெடிக்கும் எண்ட பேர் வந்தது வான்களால. எஞ்சின் சீற்றுக்குக் கீழ, ரேடியேற்றர் முன்னுக்கு, இடையில நீட்டு ஹோஸ், ஹெட்டின்ர மட்டத்துக்கே ரேடியேற்றர் மூடி வராது. தண்ணி நிரப்பேக்க காற்று மேல மாட்டுப்படும். சூடு காட்டிற சென்சருக்குத் தண்ணி தொடாட்டில் முள்ளும் எழும்பாது. ஹெட் வெந்த பிறகுதான் தெரிய வரும். உங்கட காரில ரேடியேற்றர் எஞ்சினுக்கு முன்னால, நேரான சின்ன ஹோஸ். பாதிப் பிரச்சினை அதிலேயே இல்லை.

முழு 2சீ-ரீ கிடைச்சால் அதுதான் மலிவு. டர்போ, மனிஃபோல்ட் (நாலு சிலிண்டரின்ர எக்ஸோஸ்ற்றையும் ஒண்டாச் சேர்க்கிறது), பிஸ்ரனுக்கு ஒயில் பீச்சிற குழாய், பூஸ்ற் (டர்போ ஊதிற அழுத்தம்) அறிஞ்சு டீசல் விடுற பம்ப் எல்லாம் ஒண்டா வரும். தனித்தனியா வாங்கினால் இதின்ர விலையைத் தாண்டும். வான் எஞ்சினின்ர சம்பும் (அடியில உள்ள ஒயில் தொட்டி) ஒயில் பிக்கப்பும் காரின்ர முன் குறுக்குச் சட்டத்தில இடிக்கும் எண்டதை மட்டும் மறக்க வேண்டாம். இப்ப உங்கட காரில உள்ள சம்பை மாத்திப் போட்டால் சரி, ஆனா டர்போவில இருந்து ஒயில் திரும்பி வாற துளை அதில இருக்காது.

பெப்ரவரி 6 · பம்ப் பெஞ்ச்

மேல சொன்னதில பம்ப் கதைதான் முக்கியம், கொஞ்சம் விரிச்சுச் சொல்லுறன்.

இரண்டும் பொஷ் வீஈ வகைப் பம்ப், டென்சோ செய்தது. டர்போ இல்லாத பம்பில பின்பக்கம் மேல ஒரு முழுச்சுமை ஸ்குறூ, பூட்டு நட்டோட. அதை உள்ளுக்குத் திருகினால் எல்லாச் சுற்றிலயும் டீசல் கூடும். டர்போ ஊத முன்னமும் கூடும். ஆகவே சந்தியில எடுக்கேக்க பின்னால வாறவனுக்கு இரவு. டர்போ பம்பில மேல ஒரு தொப்பி, அதுக்குள்ள றப்பர் டயபிராம், கீழ கூம்பு வெட்டின ஊசி. எஞ்சினுக்குள்ள போற காற்றின்ர அழுத்தம் ஏற ஏற ஊசி இறங்கும், அந்தளவுக்குத்தான் டீசல் கூடும். இதில்லாமல் 0.7 பார் ஒழுங்கா ஓடாது எண்டு சொல்ல மாட்டன், ஓடும். ஆனா அடியில புகை, இல்லாட்டில் மேல இழுவை குறைவு, ரெண்டில ஒண்டைச் சகிக்க வேணும்.

ஸ்குறூவைத் திருகிறவை ஒருக்கா கால் சுற்றுக்கு மேல போகக் கூடாது. திருகினவுடன ஐடில் ஏறும், ஐடில் ஸ்குறூவால இறக்க வேணும். அளவுக்கு மிஞ்சி உள்ள போனால் மிதியை விட்டாலும் எஞ்சின் கீழ இறங்காது. கறுப்புப் புகை கண்டவுடன வெளிய எடுங்கோ.

நொசில் (டீசல் பீச்சிற முனை): திறக்கிற அழுத்தம் 150 பார் அளவில இருக்கும். டர்போவுக்கு 15, 20 பார் கூட்டி, நாலையும் 5 பாருக்குள்ள ஒத்துப்போக வைக்க வேணும். சிம் 0.05 மி.மீ. கூடினால் ஏறத்தாழ 5, 6 பார் ஏறும். ஒழுகிற நொசில் ஒண்டு அந்தப் பிஸ்ரனைத் துளைக்கும், மற்ற மூண்டும் நல்லா இருந்து பிரயோசனம் இல்லை. கழட்டினால் அடியில உள்ள செப்பு வாஷரும் சூட்டு வாஷரும் புதுசு. பழசைத் திருப்பிப் போடுறது கஞ்சத்தனத்தில மோசமானது.

ரைமிங் (டீசல் பீச்சத் தொடங்கிற நேரம்): பம்பின்ர பின் பிளக்கைக் கழட்டி டயல் கேஜ் வைச்சு, ஒண்டாம் சிலிண்டர் மேல் மையத்தில பிளஞ்சர் எவ்வளவு எழும்பியிருக்கெண்டு பாக்கிறது. காதால கேட்டு வைக்கிற வேலை டர்போவுக்குச் சரிவராது. பம்ப் தண்டு சுத்திற திசைக்கு எதிராக உடலைத் திருப்பினால் முந்தும். பிந்தினால் வெள்ளைப் புகையும் எக்ஸோஸ்ற் சூடும். முந்தினால் சத்தமும் ஹெட் போல்றுக்குச் சுமையும்.

பெப்ரவரி 7 · பழைய ஏ40

90களில பொருளாதாரத் தடை நேரம் இந்தக் குடாநாட்டில ஒஸ்ரின் ஏ40யும் மொறிஸ் ஒக்ஸ்போர்ட்டும் பெற்றோல் கொஞ்சம் ஊத்தி ஸ்ரார்ட் பண்ணி மண்ணெண்ணெயில ஓடினதுகள். கொம்பிறசன் குறைஞ்ச எஞ்சின் எண்டபடியால் தாங்கினது, கரியும் ஒயில் ஐதாகிறதும் வேற கதை. அந்த நினைவில டீசலுக்கும் மண்ணெண்ணெய் கலக்கிற ஆக்கள் இன்னும் இருக்கினம்.

பெப்ரவரி 7 · பம்ப் பெஞ்ச்

கலக்கவே வேண்டாம். வீஈ பம்புக்குத் தனி ஒயில் இல்லை, உள்ளுக்கு ஓடுற டீசல்தான் அதுக்கு ஒயில். மண்ணெண்ணெய் மெல்லிசு. பிளஞ்சரும் கேம் தட்டும் தேயும். பெஞ்சில திறந்தால் உள்ளுக்கு வெள்ளி மினுக்கம் தெரியும், அதுக்குப் பிறகு பம்ப் இரும்பு விலைக்குத்தான். பில்டருக்குக் கீழ தண்ணி பிரிக்கிற கிண்ணத்தை மாதம் ஒருக்காத் திறந்து விடுங்கோ, மாரியில இன்னும் அடிக்கடி.

பெப்ரவரி 8 · சுன்னாகம் டீஎக்ஸ்

சரி, 0.7 பார், இன்ரர்கூலரோட. 2சீ-ரீ எஞ்சின் ஆள் வைச்சுத் தேடுறன். கிடைக்காட்டில் இருக்கிற எஞ்சினுக்கே டர்போ. சூடு பாக்க மீற்றர் கட்டாயமோ? எக்ஸோஸ்ற் பைப்பில, டர்போவுக்குப் பின்னால பூட்டினால் காணும் எண்டு ஒருத்தர் சொன்னவர். 750 பாகை வரை பயமில்லையாம்.

பெப்ரவரி 8 · லேத் பக்கம்

அது பிழை, ரெண்டும் பிழை. டர்போவுக்குப் பின்னால முழுச்சுமையில 100 தொடக்கம் 150 பாகை குறைவாகக் காட்டும். பின்னால 750 எண்டால் முன்னால 870. அலுமினிய ஹெட் தாங்காது. கே வகைச் சூட்டுச் சென்சர் வாங்கி, மனிஃபோல்டில நாலு குழாயும் சேருற இடத்தில, டர்பைனுக்கு முன்னால பூட்டுங்கோ. எட்டில் ஒரு அங்குலக் குழாய் மரை காணும். நுனி வாயு ஓட்டத்தின்ர நடுவுக்கு வர வேணும், சுவரோட ஒட்டினால் குறைச்சுக் காட்டும். துளைக்கிறது மனிஃபோல்டைக் கழட்டி வைச்சு. காரில வைச்சே துளைச்சால் ஒரு இரும்புச் சீவல் டர்பைன் இலையைத் தின்னும்.

தொடர்ந்து ஓட 650. முந்தேக்க சில செக்கன் 700. அதுக்கு மேல காலை எடுக்க வேண்டியதுதான்.

பெப்ரவரி 8 · பம்ப் பெஞ்ச்

பூஸ்ற் மீற்றரும் வேணும், சின்னது காணும். வேஸ்ற்கேற்றுக்கு (பூஸ்ற் மிஞ்சாமல் எக்ஸோஸ்ற் வாயுவை வேற வழியால விடுற கதவு) போற ஹோஸ் கழண்டால் கதவு திறக்காது, பூஸ்ற் தன்பாட்டில ஏறும். மீற்றர் இல்லாட்டில் கஸ்கெற் போன பிறகுதான் அறிவீர்கள்.

பெப்ரவரி 10 · பழைய ஏ40

எல்லாரும் பம்பையும் ஹெட்டையும் கதைக்கிறியள். தண்ணியை ஒருத்தரும் கதைக்கேல்லை. எங்கட கிணத்துத் தண்ணி சுண்ணாம்புக் கல்லுக்குள்ளால வாறது. கேத்திலுக்குள்ள வெள்ளையாப் படியிறதைப் பாத்தனீரோ? அதே படிவு ஹெட்டுக்குள்ளயும் படியுது. வெளியில ரேடியேற்றர் பளபளக்கும். உள்ளுக்கு வால்வுக்கும் வால்வுக்கும் இடையில உள்ள சின்ன ஓட்டை பாதி அடைஞ்சிருக்கும். லேத் பக்கம் சொன்ன அந்த ஒடுக்கமான அலுமினியத்தைக் குளிராக்கிறது அந்த ஓட்டைதான்.

ஆகவே வடிச்ச தண்ணியும் கூலன்ற்றும் பாதிக்குப் பாதி. வடிச்ச தண்ணிக்கு வழி இல்லாட்டில் மாரி மழைத் தண்ணி, கூரை கழுவுப்பட்ட பிறகு பிடிச்சது. இருக்கிற படிவை எடுக்க சித்திரிக் அமிலம், லீற்றருக்கு 50 கிராம், இளஞ்சூட்டில ஒரு மணித்தியாலத்துக்கு உள்ள ஓட விட்டு, நல்லாக் கழுவி எடுக்க வேணும். பாத்றூம் கழுவுற அமிலம் அலுமினியத்தைத் தின்னும், அதைக் கிட்டவும் கொண்டு வர வேண்டாம். தேமோஸ்ரற்றைக் கழட்டி எறியிற பழக்கமும் வேண்டாம். அது இல்லாட்டில் சில கார்களில தண்ணி பைபாசாலயே சுத்தித் திரியும், ரேடியேற்றருக்குப் போகாது.

பெப்ரவரி 10 · லேத் பக்கம்

ஏ40 அண்ணை சொன்னது சரி. ஒண்டு கூட்டுறன்: ரேடியேற்றர் மூன்று வரிசை செப்புக் கோர். இன்ரர்கூலரை அதுக்கு முன்னால முழு அகலத்துக்கு வைச்சால் ரேடியேற்றருக்குச் சூட்டுக் காற்றுத்தான் போகும். கீழ்ப்பாதியில மட்டும், பம்பருக்குப் பின்னால வைக்கலாம். விசிறிக்குக் கூண்டு கட்டாயம். கூண்டு இல்லாத விசிறி ஓரத்துக் காற்றைத்தான் சுத்தும்.

பெப்ரவரி 17 · சுன்னாகம் டீஎக்ஸ்

2சீ-ரீ சரிவரேல்லை, கிடைச்சது ஹெட் ஒட்டினது. இருக்கிற எஞ்சினிலேயே செய்யப் போறன். ஹெட் அழுத்தம் பாத்தாச்சு, வெடிப்பில்லை. கொம்பிறசன் 28, 29, 28, 27. டர்போவோட வந்த மனிஃபோல்ட் வேற எஞ்சினுக்குரியது. ஒட்டி மாத்தலாமோ?

பெப்ரவரி 17 · லேத் பக்கம்

வார்ப்பிரும்பை வெட்டி ஒட்டினால் ஒட்டின இடத்துக்குப் பக்கத்தில வெடிக்கும். நிக்கல் குச்சியும் முன்சூடும் குடுத்தாலும் டர்போவின்ர பாரமும் சூடும் சேர்ந்து கொஞ்ச நாளில வேலையைக் காட்டும். புதுசாச் செய்யுங்கோ. 10 அல்லது 12 மி.மீ. இரும்புத் தட்டில பிளேஞ், தடிச்ச சுவர் நீராவிக் குழாயின்ர ஒன்றேகால் அங்குல வளைவு. எக்ஸோஸ்ற் கடையில கிடைக்கிற மெல்லிசுக் குழாய் வேண்டாம். ஒட்டேக்க பிளேஞ்சைக் கழிவு ஹெட் ஒண்டில இறுக்கி வைச்சு ஒட்டினால் வளையாது, ஒட்டி ஆறின பிறகு முகத்தைச் சமப்படுத்தி எடுக்க வேணும். கடைசியா வாய்க்கு வாய் இடையில பிளேஞ்சை வாளால அறுத்து விடுங்கோ. அப்பதான் சூட்டில நீளேக்க ஸ்ரட் முறியாது. டர்போவின்ர பாரத்துக்குப் புளொக்கில இருந்து ஒரு தாங்கி.

டர்போவுக்குப் பின்னால இரண்டேகால் அங்குலக் குழாய், ஒரு நெளியும் மூட்டு. பழைய ஒன்றரை அங்குலப் பைப்பில டர்போ பூட்டினால் போட்ட காசு சைலன்சருக்குள்ள.

பெப்ரவரி 18 · பம்ப் பெஞ்ச்

ஒயில் வழி. ஊட்டுறது ஒயில் பிரஷர் சுவிச் இருக்கிற இடத்தில ஒரு ரீ (மூண்டு வழி மூட்டு) போட்டு, 4 மி.மீ. உள்துளை காணும். திரும்பி வாறதுதான் ஆக்கள் பிழை விடுற இடம். டர்போவில இருந்து வாறது நுரைச்ச ஒயில், அழுத்தம் இல்லை, தன் பாரத்தில இறங்க வேணும். உள்விட்டம் குறைஞ்சது 16 மி.மீ., முடிஞ்சால் 19. நேர் கீழ, சாய்ஞ்சாலும் 30 பாகைக்கு மேல வேண்டாம், தொங்கல் வளைவு ஒண்டும் இருக்கக் கூடாது. சம்பில ஒயில் மட்டத்துக்கு மேல உள்ள போக வேணும். சம்பைக் கழட்டி ஒட்டுங்கோ. இதைச் சின்னதாக்கினால் ஒயில் தேங்கி ரிங் வழியா டர்பைன் பக்கம் போகும். நீலப் புகையைக் கண்டு டர்போ பழுதெண்டு இன்னொண்டு வாங்குவியள், அதுவும் புகைக்கும்.

ஒயில் பிளேஞ்சில சிலிக்கன் கம் பூசக் கூடாது, பிஞ்சு போய்த் துளையை அடைக்கும். ஒயில் 15டபிள்யூ-40, சீஎச்-4 அல்லது சீஐ-4 தரம். இங்கத்த ஒட்டோ டீசலில கந்தகம் கூட. 5000 கி.மீ.க்கு ஒருக்கா மாத்துங்கோ.

பெப்ரவரி 18 · பழைய ஏ40

கிளச்சும் பிறேக்கும்? பெற்றோல் காரில பிறேக் பூஸ்ரருக்கு, காற்று உள்ள போற மனிஃபோல்டின்ர இழுவை இருக்கு. டீசலில இல்லை. வக்குவம் பம்ப் ஒல்ரனேற்றருக்குப் பின்னால இருக்கும், அதுக்கும் ஒயில் போய் வர வேணும். டர்போ பூட்ட இடம் காணாதெண்டு அந்த ஒல்ரனேற்றரை மாத்திப் போடுறவையும் உண்டு. முதல் சந்தியில காலை வைக்கேக்க பிறேக் கட்டை மாதிரி இருக்கும்.

பெப்ரவரி 19 · லேத் பக்கம்

கிளச் வானின்ரதே போடுங்கோ, 1300 பெற்றோல் கிளச் டர்போ இழுவைக்கு வழுக்கும். டிஃப் (பின் அச்சின்ர பல்லு விகிதம்) பற்றியும் யோசிக்க வேணும். 175/70 13 ரயர், 5ஆம் கியர் 0.86 எண்டு வைச்சால் 4.1 டிஃப்பில 80 கி.மீ. வேகத்துக்கு 2670 சுற்று. 3.9 கிடைச்சால் 2540. டீசலுக்கு 3.9 நல்லம், சத்தமும் குறையும். நாலு கியர்ப் பெட்டி எண்டால் 3100 சுற்றில கத்திக்கொண்டு போகும்.

மார்ச் 9 · சுன்னாகம் டீஎக்ஸ்

பூட்டியாச்சு. நாளைக்குத் தொடங்கலாமெண்டு இருக்கிறன். முதல் ஸ்ரார்ட்டுக்கு ஏதும் விசேஷம்?

மார்ச் 9 · பம்ப் பெஞ்ச்

டர்போவின்ர ஒயில் வாயில சுத்தமான ஒயில் ஊத்தி, கொம்பிரசர் சில்லை விரலால சுத்துங்கோ. பம்பின்ர ஸ்ரொப் சொலினோயிட் வயரைக் கழட்டி, ஒயில் லைற் அணையிற வரைக்கும் ஸ்ரார்ட்டரால அடியுங்கோ. ஒருமிக்க 10 செக்கனுக்கு மேல வேண்டாம், மோட்டர் ஆற விட்டு விட்டுச் செய்யுங்கோ. பிறகு வயரைப் பூட்டி, மிதி தொடாமல் ஐடிலில விடுங்கோ.

இன்னுமொண்டு, இதை விளையாட்டா எடுக்காதேங்கோ. டர்போ சீல் ஒயிலை உள்ள விட்டால் எஞ்சின் அந்த ஒயிலிலேயே ஓடும். சாவியை எடுத்தாலும் நிக்காது, சுற்று ஏறிக்கொண்டே போகும். காற்று வாயை மூடினால்தான் நிக்கும். ஏர் பில்டர் பூட்டாமல் தொடங்கிறதெண்டால் வாய்க்கு அளவான தட்டையான பலகைத் துண்டு பக்கத்தில இருக்கட்டும். கையாலயோ துணியாலயோ மூடக் கூடாது, துணியை உள்ளுக்கு இழுக்கும், கை போனால் கைதான்.

மார்ச் 16 · சுன்னாகம் டீஎக்ஸ்

ஓடுது. பூஸ்ற் 0.65. நாலாம் கியரில 80இல சூடு 480. ஆனால் ஆனையிறவு நேர் றோட்டில முழு மிதி குடுத்தால் 20 செக்கனில 720, இன்னும் ஏறுது. எடுக்கேக்க கறுப்புப் புகை. தண்ணிச் சூடு அசையேல்லை. முழுச்சுமை ஸ்குறூவை முக்கால் சுற்று உள்ள விட்டிருக்கு.

மார்ச் 16 · லேத் பக்கம்

முள்ளு அசையாட்டில் ஹெட் பத்திரம் எண்டு இல்லை. எக்ஸோஸ்ற் சூடு செக்கனில ஏறும், தண்ணி நிமிசத்திலதான் ஏறும்.

மார்ச் 16 · பம்ப் பெஞ்ச்

முக்கால் சுற்று கூடிப்போச்சு. ஆனா ஸ்குறூவைத் தொட முன்னம் காற்று ஒழுகுதோ எண்டு பாருங்கோ. கொம்பிரசர் வாயைக் கழிவு ரயர் வால்வு பூட்டின மூடி ஒண்டால அடைச்சு, சைக்கிள் பம்பால 0.7 பார் அடிச்சு, மூட்டெல்லாம் சவுக்காரத் தண்ணி பூசுங்கோ. குமிழ் வாற இடத்தில பைப் முனைக்கு விளிம்பு இல்லாமல் இருக்கும், ஹோஸ் வழுக்கியிருக்கும். எந்த வால்வும் திறந்திருந்தால் எஞ்சினுக்குள்ளால காற்றுப் போகும், அதைக் கண்டு குழம்ப வேண்டாம்.

அது சரியெண்டால் ஸ்குறூ அரைச் சுற்றுக்கு வெளிய. திருப்பியும் ஐடில் பாருங்கோ. இன்னும் 700ஐத் தாண்டினால் ரைமிங் பிந்தியிருக்கு. ரைமிங் பெல்ற் மாத்தேக்க பம்பின்ர போல்ற்றைத் தளர்த்தினவையளோ?

மார்ச் 19 · சுன்னாகம் டீஎக்ஸ்

இன்ரர்கூலர் வாய் மூட்டில ஒழுக்கு. விளிம்பு வைச்சு, தடிச்ச கிளிப் போட்டாச்சு. ஸ்குறூ அரைச் சுற்று. ரைமிங்கும் பிந்தித்தான் இருந்தது, புத்தகத்தில உள்ள அளவுக்கு வைச்சாச்சு. இப்ப பூஸ்ற் 0.7, முழு மிதியில 640, 650இல நிக்குது. புகை எடுக்கேக்க மட்டும் மெல்லிசா.

அடுத்த கேள்வி: புகைப் பரிசோதனையும் பதிவும்.

மார்ச் 19 · பழைய ஏ40

புகைப் பரிசோதனையில நிண்ட இடத்தில மிதியைச் சடாரெண்டு அமத்தி அளப்பாங்கள். டர்போ ஊத முன்னம் டீசல் விழுற உங்கட பம்புக்கு அதுதான் கெட்ட இடம். எஞ்சினை நல்லாச் சூடாக்கிக் கொண்டு போங்கோ, புது ஏர் பில்டர், அரைச் சுற்றுக்கும் காணாட்டில் இன்னும் கொஞ்சம் வெளிய. 2சீ போட்டது பதிவுப் புத்தகத்தில ஏறியிருக்கோ? எஞ்சின் இலக்கமும் எரிபொருள் வகையும் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில மாத்தியிருக்க வேணும். இல்லாட்டில் காப்புறுதிக்காரனுக்கு நல்ல சாட்டு.

மார்ச் 20 · சுன்னாகம் டீஎக்ஸ்

புத்தகத்தில டீசல் எண்டு இருக்கு, எஞ்சின் இலக்கமும் சரி. சித்திரைக்கு நுவரெலியா போற யோசனை. இங்க ஏத்தம் இல்லாதபடியால் எப்பிடி நடக்கும் எண்டு தெரியேல்லை.

மார்ச் 20 · லேத் பக்கம்

றம்பொடை ஏத்தத்தில உயர்ந்த கியரில 1500 சுற்றுக்கு இறக்கி மிதிச்சுக் கொண்டு நிக்காதேங்கோ. டர்போ ஊதாது, டீசல் விழும், சூடு கிறுகிறுவெண்டு ஏறும். ஒரு கியர் கீழ போட்டு 2500க்கு மேல வைச்சால் அதே ஏத்தத்தில சூடு குறையும். மேல போகப் போகக் காற்று ஐதாகும். உங்கட பம்புக்கு அது தெரியாது, விடுற டீசலை விட்டுக்கொண்டே இருக்கும். கம்பளைக்குப் பிறகு 600ஐத் தாண்ட விட வேண்டாம்.

மார்ச் 20 · பம்ப் பெஞ்ச்

உச்சியில நிப்பாட்டினால் ஒரு நிமிசம் ஐடிலில விட்டு அணையுங்கோ. சுட்டுக்கொண்டு நிக்கிற டர்போவில ஒயில் நிண்டால் அங்கேயே கரியும். கிளம்ப முன்னம் விசிறி பெல்ற் இறுக்கம், ரேடியேற்றர் மூடி றப்பர், தண்ணிப் பம்பின்ர ஒழுக்குத் துளை மூண்டையும் பாருங்கோ. டிக்கியில 5 லீற்றர் வடிச்ச தண்ணி.

மார்ச் 20 · பழைய ஏ40

இறங்கேக்க கியரில இறங்கும் தம்பி. 82ஆம் ஆண்டுப் பிறேக்குக்கு டர்போ பூட்டேல்லை.